எக்ஸ் போக ஐந்து

ஏழாம் வகுப்பில்தான் முதன்முதலாக ஒரு வீட்டுப்பாடம் எனக்குப் பிடித்துப்போனது. ‘கீழ்க்காணும் சொற்றொடர்களைக் கோவையாக மாற்றுக’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு எண்ணை விட ஐந்து குறைவு. ஒரு எண்ணின் இரு மடங்குடன் மூன்று. அந்த ‘ஒரு எண்’ எது என்று யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் பரவாயில்லை, x என்று வைத்துக்கொள் என்றார்கள். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்த மாதிரியே வேலையை நடத்தலாம் என்று பள்ளிக்கூடமே அனுமதி கொடுத்தது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தச் செய்தி தெருவுக்கும் தெரிய வேண்டும் என்பதால் எதையும் மனசுக்குள் படிக்க மாட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“கோவையா மாத்தறதா? எதுக்கு, கோயமுத்தூருக்குப் போவணுமா?”

“அந்தக் கோவை இல்லம்மா. இது கணக்குல வர்ற கோவை. தெரியாத நம்பருக்கு எக்ஸுன்னு பேரு வெச்சு எழுதறது.”

“எக்ஸுன்னா யாரு?”

“யாருன்னு தெரியாது. அதனாலதான் எக்ஸு.”

“யாருன்னே தெரியாதவன எதுக்குடி வூட்டுக்குள்ள இட்டாந்த?”

அப்பா பீங்கான் யூனிட்டில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். முதுகு வலியோடு படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, “வந்தவன் வந்துட்டான், ஒரு வாய் சோறு போடு. புள்ளய படிக்க வுடு” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் என்ன பேசினாலும் மனசுக்குள் கோவையாக மாற்றிவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா, “எங்க மாமியாருக்கு எங்கம்மாவ விட ரெண்டு மடங்கு வாயி” என்பாள். நான் 2m என்று எழுதிக்கொள்வேன். தம்பிதான் இதில் அதிகம் அடிபட்டவன். தீபாவளிக்கு மறுநாள், “அவளுக்குக் குடுத்ததுல பாதிதான் எனக்குக் குடுத்த” என்று அம்மாவிடம் அழுதுகொண்டு நின்றான். நான் அவனை உட்காரவைத்து, எனக்குக் கொடுத்த அதிரசம் x என்றும், அவனுடையது x-இல் பாதி என்றும் எழுதிக் காட்டினேன். “இப்ப என் கையப் பாரு. ஒண்ணுமே இல்ல. அப்ப எக்ஸு பூஜ்யம். பூஜ்யத்துல பாதி எவ்ளோ? பூஜ்யம். ரெண்டு பேருக்கும் சமம்.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். கணக்கில் தப்பு எதுவும் தெரியவில்லை. என் வாய் நிறைய அதிரசம் இருந்ததைத்தான் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்தபோது ‘முதல் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. இந்தக் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் விசாரித்து முத்திரை குத்திக் கொடுக்கும் காகிதம். அதைக் கொடுத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று கேட்டார்.

“நம்ம வூட்ல யாருமே படிக்கலன்னு செவுத்துல மாட்டி வெக்கறதாப்பா?”

“நீ படிக்கறன்னுதான அதுக்கு அர்த்தம்?”

அவர் சொன்னதும் சரிதான். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாட்டினோம். இப்போதும் டிவிக்கு மேலே இருக்கிறது.

பி.எஸ்சி. கணிதம் முடித்து, பி.எட். முடித்தேன். எங்கள் விருத்தாசலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பீங்கான் யூனிட் இருப்பது போல ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியும் இருக்கிறது. அப்படி ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வரச் சொன்னார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணம் அம்மாவின் வாய். அம்மா ஒரு பொம்மை யூனிட்டில் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த களிமண் பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கும் வேலை. கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது. மாதிரி வகுப்புக்கு அழைப்பு வந்த அன்றே, என்னை அந்த யூனிட் முழுக்க டீச்சராக்கிவிட்டாள். இதற்கிடையில் அந்த யூனிட் முதலாளி, “ஒம் பொண்ணு கணக்குதான படிச்சிருக்கு? நம்ம ஆபீசுக்கு பில்லு போட அனுப்பு” என்றும் சொல்லிவைத்திருந்தார். பள்ளியில் வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அங்கேதான். அம்மா பொம்மை துடைக்கும் கொட்டகைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். வெளியே அம்மா ஒவ்வொருவரிடமும், “இல்ல, டீச்சரு இல்ல” என்று திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. கணக்குச் சொல்லித்தரப் படித்தவள் நான். பில் போடுவதற்கு ஒரு மெஷின் போதும்.

அன்று அம்மாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு ஷேர் ஆட்டோவில் வந்தாள். வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. “நான் உள்ள வரல. கேட்டாண்டயே நிக்கறேன்” என்றாள். நான் உள்ளே போகும்போதே, வாட்ச்மேனிடம் என் மதிப்பெண்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

என்னைத் தவிர இன்னொரு பெண்ணும் வந்திருந்தார். நெய்வேலிக்காரர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் சுருட்டிய சார்ட். அவருடைய இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடியது. என் இங்கிலீஷும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி கொஞ்சம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் கிளம்பும்.

பள்ளி முதல்வர் ஓர் அம்மையார். எங்கள் இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாடம் என்றார். ஏழாம் வகுப்பு, இயற்கணிதம், சொற்றொடர்களைக் கோவையாக எழுதுதல். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கழித்து எக்ஸ் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறான்.

“அண்ட் மேடம், நோ டமில் இன் த கிளாஸ். அது நம்ம கரெஸ்பாண்டென்ட்டோட ஸ்ட்ரிக்ட் ரூல்” என்றார் முதல்வர். அதே மூச்சில் அவருடைய போன் அடித்தது. “சிலிண்டர் வந்தா பக்கத்து வூட்ல வாங்கி வெக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு மறுபடி இங்கிலீஷுக்குத் திரும்பினார்.

முதலில் நெய்வேலிக்காரர் எடுத்தார். நானும் முதல்வரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். அவர் சார்ட்டை விரித்தார். ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்று எழுதி, முன்னால் இருக்கும் ஐந்து பின்னால் போவது போலச் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார். ‘தேன்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு தேனீ பறந்தது. ‘தேன்’ வந்தால் திருப்பிப் போடு, அவ்வளவுதான் சங்கதி. பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள், எக்ஸ் மைனஸ் ஃபைவ் என்று. நல்ல தந்திரம்தான். எனக்கு அந்தத் தேனீ ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்து நான். நானும் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்று பலகையில் எழுதினேன். எக்ஸ் மைனஸ் ஃபைவ் என்று வகுப்பே முழங்கியது. அதற்குக் கீழே ‘ஃபைவ் லெஸ் எக்ஸ்’ என்று எழுதினேன். அதற்கும் அதே முழக்கம். எனக்குள் இருக்கும் குறும்புக்காரி விழித்துக்கொண்டாள். எக்ஸ் இரண்டு என்று வைத்துக்கொள்வோம், ஃபைவ் லெஸ் டூ எவ்வளவு என்று கேட்டேன். மூன்று என்றார்கள். நீங்கள் சொன்ன விடையில் இரண்டைப் போடுங்கள் என்றேன். முன் வரிசையில் இருந்த ஒரு குண்டுப் பையன் பெருமையாக, “மைனஸ் த்ரீ மிஸ்” என்றான். மூன்றும் மைனஸ் மூன்றும் ஒன்றாகுமா என்று கேட்டேன். “கிட்டத்தட்ட மிஸ்” என்றான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கிலீஷில் விளக்கினேன். முதலாவதில் எக்ஸிலிருந்து புறப்படுகிறோம், இரண்டாவதில் ஐந்திலிருந்து புறப்படுகிறோம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். தமிழ் மீடியத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் வருடம் முழுக்க நானே அப்படித்தான் ஆட்டினேன். புரிந்தவனின் தலை ஒரு தடவை ஆடும். புரியாதவனின் தலை, அடுத்த கேள்வி தன்னிடம் வராமல் இருக்க, ஆடிக்கொண்டே இருக்கும்.

முதல்வர் பேனாவால் என்னவோ குறித்துக்கொண்டிருந்தார். தலையாட்டலோடு நிறுத்தினால் ரூலை மீறாத நல்ல பிள்ளையாக நான் இறங்கிப் போகலாம். நல்ல பிள்ளையாக ஏற்கெனவே ஒருவர் இருந்தார், அதுவும் தேனீயோடு. நான் பலகைப் பக்கம் திரும்பி, முதுகை முதல்வருக்குக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

“மொதல் வரி, எக்ஸ விட அஞ்சு கம்மி. ரெண்டாவது வரி, அஞ்சுல எக்ஸ் போக.”

பின்னாலிருந்து ‘ஆங்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஒருவர் சொன்னதல்ல, வகுப்பே சொன்னது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் பி.எட். படித்தேன்.

முதல்வர் இருமினார். எனக்குக் கேட்கவில்லை.

“பாத்தீங்களா, தமிழ்ல எது மொதல்ல வருதோ அத மொதல்ல எழுதுனா போதும். இங்கிலீஷ்ல தேன் வந்துட்டா, ஜங்ஷன்ல இன்ஜினக் கழட்டிப் பின்னாடி மாட்டுன ரயிலு மாதிரி. பெட்டி அதேதான், போற பக்கம்தான் வேற.”

எல்லா முகத்திலும் வெளிச்சம். நானும் அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் மிதந்துவிட்டேன். அப்போதுதான் மூன்றாவது பெஞ்சிலிருந்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

“மிஸ், அஞ்சுல எக்ஸ் போகன்னா கழித்தல். எக்ஸ் போக அஞ்சுன்னா?”

நான் வாயைத் திறப்பதற்குள் குண்டுப் பையன் திரும்பி உட்கார்ந்தான். “அதுவும் கழித்தல்தான். போகன்னாலே போயிடுச்சுல்ல.”

“எங்க வூட்ல நான் போக மூணு பேரு. மொத்தம் நாலு பேரு. என்னய கழிச்சுட்டா சொல்ற? அப்ப நான் எங்க போவேன்?”

“எங்கியாச்சும் போ.”

அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிளந்தது. ஸ்கூல் போக டியூஷனுக்கும் போறேன், அது கூட்டல்தான் என்றான் ஒருவன். செலவு போக மிச்சம்னு எங்கப்பா சொல்றாரு, அது கழித்தல் என்றாள் ஒருத்தி. கல்யாண வீட்டில் சாம்பார் போக ரெண்டு குழம்பு இருந்தது, அதை எப்படிக் கழிப்பாய் என்று ஒருவன் பெஞ்சின் மேல் ஏறிக் கேட்டான். முதல்வர் “சைலன்ஸ்” என்றார். அடுத்த நொடி, தன்னை அறியாமல், “அவன் சொல்றதும் கரெக்டாதான இருக்குது” என்றார். இங்கிலீஷ் அந்த வகுப்பை விட்டு வெளியே போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

சத்தம் கேட்டுக் கரெஸ்பாண்டென்ட் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. ஃபியூஸ் கட்டைக்கு வேண்டிய பீங்கான் செய்யும் யூனிட் வைத்து, அதிலிருந்து பள்ளி வைத்தவர். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“என்னா தகராறு?”

முதல்வர் எழுந்து இங்கிலீஷில் விளக்கினார். கரெஸ்பாண்டென்ட் பாதி கேட்டதும் கையை அசைத்தார்.

“போகன்னா கழிக்கறதுதான். இதுல என்னா சண்ட? எங்க யூனிட்ல ஒடஞ்சது போக எவ்ளோடான்னு கேட்டா, கழிச்சுத்தான் சொல்லுவான்.”

கழித்தல் கட்சிக்காரர்கள் வெற்றிக் களிப்பில் துள்ளினார்கள். இரட்டைச் சடை உட்காரவில்லை. கையை மட்டும் மெதுவாகத் தூக்கினாள்.

“சார், போன வாரம் பிரேயர்ல நீங்க, சனி ஞாயிறு போக ரெண்டு நாளு லீவுன்னு சொன்னீங்க.”

“ஆமா, சொன்னேன்.”

“ரெண்டுல ரெண்டக் கழிச்சா பூஜ்யம் சார். ஆனா நாங்க யாரும் நாலு நாளு வரல.”

முதல்வர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். நெய்வேலிக்காரர் சார்ட்டால் வாயை மூடிக்கொண்டார். கரெஸ்பாண்டென்ட் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீங்கதான டீச்சரு? நீங்க சொல்லுங்க. கூட்டலா, கழித்தலா?”

கழித்தல் என்றால் வேலை என் கையில். கூட்டல் என்றால் அவர் மூக்கு உடையும், உடைந்த மூக்கோடு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். இரண்டும் சரிதான் சார் என்று பல்லைக் காட்டலாம். அது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போடுகிறவளின் விடை. எனக்கு உண்மையிலேயே எது சரி என்று தெரிய வேண்டியிருந்தது. அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் சொல் ஒன்று, ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு அந்நியமாகிவிட்டது.

சாக்பீஸை எடுத்து ஒரு நீளமான கட்டம் வரைந்தேன். நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாக்கினேன். கை போன பிறகுதான் புத்தி போனது.

“இது மொத்தம். இதுல ஒரு பக்கத்த ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு இன்னொரு பக்கத்தப் பாக்கறோம். அந்த ஒதுக்கி வெக்கறதுக்குப் பேருதான் போக. அது கூட்டவும் கூட்டாது, கழிக்கவும் கழிக்காது.” இடது பாதியில் ‘உடைந்தது’ என்று எழுதினேன். “சாரோட யூனிட்ல மொத்தம் எவ்ளோன்னு மொதல்லயே தெரியும். மிச்சத்தத்தான் கேக்கறாரு. அதனால கழிக்கணும்.” அதை அழித்துவிட்டு ‘சனி, ஞாயிறு’ என்று எழுதினேன். “லீவுல ரெண்டு பக்கமும் தெரியும். மொத்தம் எவ்ளோன்னுதான் தெரியணும். அதனால கூட்டணும். எக்ஸ் போக அஞ்சுன்னா, மொத்தம் எக்ஸ் ப்ளஸ் அஞ்சு. அஞ்சுல எக்ஸ் போகன்னா, அஞ்சுதான் மொத்தம், அதனால அஞ்சு மைனஸ் எக்ஸ். போகவப் பாக்காதீங்க. மொத்தம் எங்க இருக்குதுன்னு பாருங்க.”

கரெஸ்பாண்டென்ட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பலகையை நெருங்கி வந்தார்.

“அப்ப நான் சொன்னது?”

“யூனிட்டுக்குச் சரி சார். ஸ்கூலுக்குத் தப்பு.”

சொல்லிவிட்டேன். குண்டுப் பையன் மட்டும் சமாதானத்தோடு இரட்டைச் சடையிடம் திரும்பினான். “நீ எங்கயும் போவ வேணாம். ஓரமா நில்லு.” அப்போது மணி அடித்தது.

அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். முதலில் நெய்வேலிக்காரரை அழைத்தார்கள், பிறகு என்னை. உள்ளே முதல்வர் தன் குறிப்புகளை வாசித்தார். மற்றவரின் இங்கிலீஷ் பிரமாதம், துணைக்கருவி இருந்தது, வகுப்பு அமைதியாக இருந்தது. நான் பாதிக்கு மேல் தமிழில் பேசினேன், வகுப்பில் சண்டை வந்தது, ஒரு மாணவன் பெஞ்சில் ஏறினான். எல்லாமே உண்மை. மறுக்க எதுவும் இல்லாததால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இங்கிலீஷ்லதான் பேசணும்னு ரூலு இருக்குது. நான் போட்ட ரூலு” என்றார் கரெஸ்பாண்டென்ட்.

“தெரியும் சார்.”

“ஃபீஸ் கட்டறவங்க நாளைக்கு என்னயதான கேப்பாங்க, எம்புள்ள மிஸ்ஸு தமிழ்ல பேசுதாமேன்னு.”

“இங்கிலீஷ்லயே எடுக்கறேன் சார். புள்ளைங்களுக்குப் புரியாத நேரம் போக.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் ‘போக’ அவர் காதில் சரியாகப் போய் விழுந்திருக்க வேண்டும். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

“அது எவ்ளோ நேரம்?”

“எக்ஸ் சார்.”

முதல்வர்தான் முதலில் சிரித்தார். சிரித்ததை மறைக்கப் பேனாவை எடுத்துக்கொண்டு, கண்டிப்பான குரலில், “மொத்தம் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான் மேடம் ஒரு பீரியடு” என்றார்.

“மொத்தத்த நீங்களே குடுத்துட்டீங்க மேடம். அப்ப கழித்தல்தான். நாப்பத்தஞ்சு மைனஸ் எக்ஸ் நிமிஷம் இங்கிலீஷு.”

“அந்த எக்ஸ் பத்துக்கு மேல போவக் கூடாது.”

“அது அசமன்பாடு மேடம். அடுத்த பாடம்.”

கரெஸ்பாண்டென்ட் இப்போது வாய்விட்டே சிரித்தார். மேசையிலிருந்த டீயை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, “திங்கக்கெழம வந்துருங்க. அந்த ரெட்டச் சடைய மட்டும் பிரேயர்ல முன்னாடி நிக்கவெக்காதீங்க” என்றார்.

நெய்வேலிக்காரர் இன்னும் பெஞ்சிலேயே இருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு இடம் காலியானால் அழைப்பதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கைகொடுத்தார். நான் கொஞ்சம் தயங்கி, “அந்தச் சார்ட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. தேனீ போட்டது. அத எனக்குத் தர்றீங்களா?” என்றேன்.

“வேலையும் எடுத்துக்கிட்டு சார்ட்டுமா?” என்றார். ஆனால் கொடுத்தார். ஓரத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் கொடுத்தார். நல்ல மனுஷி. அடுத்த மாதமே அவர் ஊரிலேயே ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்துவிட்டார். கரெஸ்பாண்டென்ட்டுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்று கேள்விப்பட்டேன்.

சார்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தேன். கேட்டருகே அம்மா வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் புடவையில் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தே, “என்னாச்சு?” என்று கையால் கேட்டாள். நான் வேண்டுமென்றே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தேன். பத்தடி போனதும் என்னால் முடியவில்லை, பல் வெளியே தெரிந்துவிட்டது.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். வாட்ச்மேனிடம் திரும்பினாள்.

“அண்ண, அந்தப் பெரிய கேட்டத் தொறங்க. டீச்சரு வராங்க.”

பிறந்ததிலிருந்து என்னை ‘டி’ போட்டு மட்டுமே கூப்பிட்ட வாய் அது. நான் நின்றுவிட்டேன்.

வாட்ச்மேன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “எதுக்கும்மா பெரிய கேட்டு? அது ஸ்கூல் பஸ்ஸு போறதுக்கு. இவங்க இருக்கற ஒல்லிக்குச் சின்ன கேட்டே அதிகம்.”

“தொறங்கன்னா தொறங்க.”

அவர் முனகிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவுகளையும் சாலைவரை தள்ளினார்.